யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவர் ஏறவில்லையா? லினக்ஸ், பிஎஸ்டி பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். பெரும்பாலான பதில்கள் லினக்ஸைப் பற்றியவை. யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பமும் (ஃப்ரீபிஎஸ்டி முதலியவை), சோலாரிஸின் கிளையான இலுமோஸும் பின்பகுதியில் வருகின்றன.

பென் டிரைவைச் செருகினேன், எதுவுமே நடக்கவில்லை. உடனே "மாட்புரோப் யூஎஸ்பி-ஸ்டோரேஜ்" கொடுத்துவிடலாமா?

மாட்புரோப் என்பது மாட்யூலைக் கையால் ஏற்றும் கட்டளை. கொடுக்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. பலன் கிடைப்பதுதான் அபூர்வம். இன்றைய டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) அந்த மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு, தேவைப்படும் நொடியில் தானாகவே ஏறிக்கொள்ளும். ஏறவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் கையால் ஏற்றினாலும் அந்தக் காரணம் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழி எப்போதும் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மேல் விழுகிறது; கோளாறு அதற்கு ஒரு படி மேலேயோ கீழேயோ கிடக்கிறது.

எனவே டிரைவரைத் தொடுவதற்கு முன் கெர்னல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு டெர்மினலில் "சுடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ" கொடுத்துவிட்டு, டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். வரும் வரிகள் எந்த இடத்தில் நிற்கின்றனவோ, கோளாறு அந்த இடத்தில்.

அந்த வரிகளில் எதைத் தேட வேண்டும்?

நல்லபடியாகப் போனால் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் புதிய யூஎஸ்பி சாதனம் கிடைத்தது என்று வெண்டர் எண், பிராடக்ட் எண்ணோடு ஒரு வரி. அடுத்து, மாஸ் ஸ்டோரேஜ் சாதனம் கண்டறியப்பட்டது என்று யூஎஸ்பி-ஸ்டோரேஜ் சொல்லும். பிறகு ஒரு ஸ்கஸி (வட்டுகளோடு பேசும் பழைய கட்டளை மொழி) ஹோஸ்ட் எண் உருவாகும். கடைசியில் எஸ்டிபி போன்ற ஒரு பெயரோடு ஸ்கஸி ரிமூவபிள் டிஸ்க் இணைக்கப்பட்டதாக ஒரு வரி வரும். இடையில் ஒரு சிறு தாமதம் உண்டு. சாதனம் நிலைப்படட்டும் என்று டிரைவர் வேண்டுமென்றே காத்திருக்கிறது. டிலே_யூஸ் என்ற பாராமீட்டர் அதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய கெர்னல்களில் அது 5 வினாடி, இப்போது இயல்பாக 1 வினாடி.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் கேபிள், போர்ட், மின்சாரம் அல்லது ஹோஸ்ட் கண்ட்ரோலர் (யூஎஸ்பி போர்ட்டுகளை இயக்கும் சிப்) டிரைவர். வெண்டர் எண் வந்துவிட்டு அத்தோடு நின்றால்தான் ஸ்டோரேஜ் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். எஸ்டிபி வரை வந்துவிட்டது, கோப்புகள் மட்டும் தெரியவில்லை என்றால் ஸ்டோரேஜ் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது. அதை விட்டுவிட்டுக் கோப்பு முறைமையைப் பாருங்கள்.

மொத்தம் எந்தெந்த டிரைவர்கள் வேண்டும்?

கீழிருந்து மேலே போவோம். ஹோஸ்ட் கண்ட்ரோலருக்கு ஒன்று: யூஎஸ்பி 3 போர்ட் என்றால் எக்ஸ்ஹெச்சிஐ, யூஎஸ்பி 2 என்றால் ஈஹெச்சிஐ, அதற்கும் பழையது என்றால் யூஹெச்சிஐ அல்லது ஓஹெச்சிஐ. அதன் மேல் யூஎஸ்பிகோர். அதன் மேல் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் அல்லது அதன் வேகமான மாற்றான யூஏஎஸ். அதற்கு மேல் ஸ்கஸி அடுக்கு. டிஸ்க்குக்கு எஸ்டி_மாட், சிடி டிரைவுக்கு எஸ்ஆர்_மாட். எல்லாவற்றுக்கும் மேலே விஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்3, எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமை டிரைவர்.

ஸ்கஸி இங்கே எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்புகிறார்கள். பென் டிரைவ் உள்ளுக்குள் ஸ்கஸி கட்டளைகளைத்தான் பேசுகிறது. யூஎஸ்பி-ஸ்டோரேஜ் செய்வதெல்லாம் ஒவ்வொரு கட்டளையையும் 31 பைட் உறையில் போட்டு அனுப்பி, தரவைக் கடத்தி, 13 பைட் பதிலை வாங்கிக் கொடுப்பது. வட்டு என்ற கருத்தே அதற்குக் கிடையாது. எஸ்டி_மாட் இல்லாமல் கெர்னலைத் தாமே கம்பைல் செய்தவர்கள் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் ஏறியும் எஸ்டிபி வரவில்லையே என்று மணிக்கணக்கில் திணறுவது இதனால்தான்.

தானாக ஏறுகிறது என்கிறீர்கள். யார் ஏற்றுகிறார்கள்?

சாதனம் தன்னை அறிமுகப்படுத்தும்போது ஒரு வகை எண்ணைத் தருகிறது. மாஸ் ஸ்டோரேஜ் என்றால் கிளாஸ் 08. துணை வகை 06 என்றால் ஸ்கஸி கட்டளைகள். புரோட்டோகால் பதினாறடிமான எண்ணில் 50 என்றால் பல்க்-ஒன்லி என்ற பழைய முறை. 62 என்றால் யூஏஎஸ். கெர்னல் இந்த எண்களை ஒரே சரமாகக் கோத்து மாட்அலியாஸ் என்ற பெயரில் வெளியிடுகிறது. சாதனங்களைக் கவனிக்கும் பின்னணி நிரலான யூடெவ் அந்தச் சரத்தை எடுத்து, /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் ஓடும் கெர்னலுக்கான கோப்புறைக்குள் இருக்கும் மாட்யூல்ஸ்.அலியாஸ் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தும் மாட்யூல் ஏற்றப்படுகிறது.

இந்த ஏற்பாடு உடையும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: யூடெவ் ஓடவில்லை, அலியாஸ் பட்டியல் பழையதாகிவிட்டது, அல்லது மாட்யூல் கோப்பே இல்லை. பட்டியல் பழையது என்றால் "டெப்மாட் -ஏ" அதைப் புதுப்பிக்கும். கோப்பு இல்லாத கதை தனி. அது அடுத்த கேள்வி.

"மாட்யூல் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி" என்று வருகிறது. நேற்றுவரை வேலை செய்தது.

நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே சிஸ்டத்தை அப்டேட் செய்தீர்களா? ஆம் என்றால் விடை கிடைத்துவிட்டது: ரீபூட் செய்யுங்கள்.

நடந்தது இதுதான். பேக்கேஜ் மேலாளர் புதிய கெர்னலையும் அதன் மாட்யூல்களையும் போட்டுவிட்டு, பழைய மாட்யூல்களின் கோப்புறையை அழித்துவிட்டது. ஆனால் நினைவகத்தில் ஓடுவது இன்னும் பழைய கெர்னல். அது தன் பதிப்பு எண்ணில் உள்ள கோப்புறையைத் தேடுகிறது, அது வட்டில் இல்லை. ஏற்கெனவே ஏறியிருந்த மாட்யூல்கள் எல்லாம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பதால் இணையம், ஒலி, திரை எதிலும் குறை தெரியாது. அப்டேட்டுக்குப் பின் முதல் முறையாகப் பென் டிரைவ் செருகும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆர்ச் லினக்ஸில் இது வாடிக்கை. பழைய கெர்னலைத் தனிப் பேக்கேஜாக வைத்திருக்கும் உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் அரிது.

சரிபார்க்க, "யூநேம் -ஆர்" தரும் எண்ணையும் /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் இருக்கும் கோப்புறைகளின் பெயர்களையும் ஒப்பிடுங்கள். அந்த எண்ணில் கோப்புறை இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ரீபூட்டுக்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால் நிலைமை வேறு: பூட்லோடர் பழைய கெர்னல் படிமத்தையே எடுக்கிறது. பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருந்தபோது அப்டேட் நடந்திருந்தால் இப்படி ஆகும். புதிய படிமம் வேறு எங்கோ எழுதப்பட்டிருக்கும். பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்துவிட்டுக் கெர்னல் பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள்.

மாட்புரோப், இன்ஸ்மாட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இன்ஸ்மாட் நீங்கள் காட்டும் ஒரு கோப்பை அப்படியே ஏற்றும். அதற்கு முழுப் பாதை வேண்டும், சார்புகளைப் பற்றி அதற்குத் தெரியாது. மாட்புரோப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, மாட்யூல்ஸ்.டெப் கோப்பைப் படித்து, தேவையானவற்றை முறைப்படி ஏற்றும். மாட்யூலை நீங்களே எழுதுபவராக இல்லாவிட்டால் இன்ஸ்மாட் தேவைப்படாது. பெயரில் ஹைபன் போட்டாலும் அடிக்கோடு போட்டாலும் மாட்புரோப் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

எல்எஸ்மாட் பட்டியலில் யூஎஸ்பி_ஸ்டோரேஜ் இல்லை. ஆனால் பென் டிரைவ் வேலை செய்கிறது. எப்படி?

அது கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. எல்எஸ்மாட் தனியாக ஏற்றப்பட்டவற்றை மட்டும்தான் காட்டும். மாட்யூல்ஸ்.பில்ட்இன் என்ற கோப்பில் தேடினால் பெயர் கிடைக்கும். இப்படிப்பட்ட கெர்னலில் மாட்யூலைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட், இறக்கும் ஆர்எம்மாட் எதுவும் செல்லாது. பாராமீட்டரை நிலையாக மாற்ற வேண்டுமானால் பூட் கட்டளை வரியில்தான் கொடுக்க வேண்டும்.

வெளி எஸ்எஸ்டி அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. டிஎம்இஎஸ்ஜி-யில் யூஏஎஸ் அபார்ட், ரீசெட் என்று ஓடுகிறது. யூஏஎஸ்-ஐ பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

பழைய பல்க்-ஒன்லி முறையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும். அது முடிந்து பதில் வந்த பிறகே அடுத்தது. யூஏஎஸ் பல கட்டளைகளை ஒரே சமயத்தில் வரிசையில் விடும். எஸ்எஸ்டியில் வேக வித்தியாசம் நன்றாகத் தெரியும். லினக்ஸில் அது நடைமுறைக்கு வந்தது 2014-ல் வெளிவந்த 3.15 கெர்னலில். கெட்ட செய்தி, வட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கும் சில பிரிட்ஜ் சிப்கள் (வட்டையும் யூஎஸ்பியையும் இணைப்பவை) யூஏஎஸ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, சுமை ஏறியதும் உறைந்துபோகும். கெர்னலுக்குள்ளேயே அப்படிப்பட்ட சிப்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று உங்களிடம் மாட்டினால் நீங்களே விலக்கு எழுத வேண்டும்.

அதை பிளாக்லிஸ்ட் மூலம் எழுதினால் என்ன ஆகும்? யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் ஒரு சாதனத்தைத் தொடும் முன், "இதற்கு யூஏஎஸ் தெரியுமா, இந்தக் கெர்னல் யூஏஎஸ் ஆதரவோடு கம்பைல் ஆனதா" என்று பார்க்கிறது. இரண்டுக்கும் ஆம் என்றால், யூஏஎஸ் மாட்யூல் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பாராமலேயே ஒதுங்கிவிடுகிறது. நீங்கள் யூஏஎஸ்-ஐ அடைத்துவிட்டீர்கள், யூஎஸ்பி-ஸ்டோரேஜ் விட்டுக்கொடுத்துவிட்டது. வட்டை எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. அடிக்கடி துண்டித்த வட்டு இப்போது அறவே காணாமல் போகும்.

சரியான வழி குவர்க்ஸ், அதாவது குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும் விலக்கு தரும் பாராமீட்டர். "எல்எஸ்யூஎஸ்பி" கொடுத்து அந்தச் சாதனத்தின் வெண்டர் எண்ணையும் பிராடக்ட் எண்ணையும் எடுங்கள். /ஈடிசி/மாட்புரோப்.டி அடைவில், கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில், "ஆப்ஷன்ஸ் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=" எழுதி, அதை ஒட்டி வெண்டர் எண், முக்காற்புள்ளி, பிராடக்ட் எண், முக்காற்புள்ளி, யூ என்ற எழுத்து என இடைவெளி இல்லாமல் சேருங்கள். யூ என்றால் இந்தச் சாதனத்துக்கு மட்டும் யூஏஎஸ்-ஐ மறந்துவிடு என்று பொருள். மற்ற வட்டுகள் வேகத்தை இழக்காது. இதையே பூட் கட்டளை வரியில் "யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=" என்று தொடங்கியும் தரலாம். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் /சிஸ்/மாட்யூல்/யூஎஸ்பி_ஸ்டோரேஜ்/பாராமீட்டர்ஸ் அடைவிலுள்ள குவர்க்ஸ் கோப்பில் அந்தச் சரத்தை எழுதிவிட்டு வட்டைப் பிடுங்கிச் செருகினால் போதும்.

மாற்றம் பலித்ததா என்று "எல்எஸ்யூஎஸ்பி -டி" சொல்லும். ஒவ்வொரு சாதனத்தின் எதிரேயும் எந்த டிரைவர், என்ன வேகம் என்று காட்டும். யூஎஸ்பி 3 வட்டுக்கு எதிரே 5000 இருக்க வேண்டிய இடத்தில் 480 இருந்தால் அது யூஎஸ்பி 2 வேகம். கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். விலக்கு எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. யூஏஎஸ் கோளாறு மாதிரியே தெரிவதில் ஒரு பங்கு வெறும் மின்சாரப் பற்றாக்குறை. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியர் தருவதாகத்தான் கணக்கு. வட்டு அதற்கு மேல் இழுத்தால் எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது.

பிளாக்லிஸ்ட் எழுதியும் மாட்யூல் ஏறுகிறதே?

பிளாக்லிஸ்ட் தடுப்பது மாட்அலியாஸ் வழியாக வரும் அழைப்பை மட்டும். யாராவது பெயரைச் சொல்லி நேராக அழைத்தாலோ, இன்னொரு மாட்யூல் இதைச் சார்ந்திருந்தாலோ ஏறிவிடும். யூஏஎஸ் மாட்யூல் யூஎஸ்பி_ஸ்டோரேஜைச் சார்ந்தது என்பதால் அது வரும்போது இதையும் இழுத்துவரும். தவிர, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) படிமத்துக்குள் பழைய அமைப்பு பொதிந்திருந்தால் உங்கள் கோப்பு படிக்கப்படும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். படிமத்தைப் புதுப்பிக்க: டெபியன், உபுண்டுவில் "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ", ஃபெடோராவில் "டிராகட் -எஃப்", ஆர்ச்சில் "எம்கேஇனிட்சிபிஐஓ -பி" (இங்கே பி மட்டும் பெரிய எழுத்து). குவர்க்ஸ் மாற்றியவர்களும் இதை மறக்க வேண்டாம்.

பென் டிரைவுகளை முழுவதுமாகத் தடுக்க வேண்டும். என்ன வழி?

கான்ஃப் கோப்பில் "இன்ஸ்டால் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் /பின்/ஃபால்ஸ்" என்று எழுதுங்கள். யூஏஎஸ் பெயருக்கும் அதே போல் ஒரு வரி. வெறும் மாட்புரோப் அழைப்பு இதை மீறாது. ரூட் உரிமை உள்ளவர் இன்ஸ்மாட் கொண்டோ மாட்புரோபின் இக்னோர்-இன்ஸ்டால் ஆப்ஷன் கொண்டோ மீறலாம், அதையும் அடைக்க வேண்டுமானால், எல்லா மாட்யூல்களும் ஏறிய பின் "கெர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்டு" என்ற சிஸ்சிடிஎல் மதிப்பை 1 ஆக்குங்கள். அடுத்த ரீபூட் வரை ரூட்டாலும் திரும்ப 0 ஆக்க முடியாது.

இது சேமிப்புச் சாதனங்களை மட்டும் நிறுத்தும். பென் டிரைவ் உருவத்தில் வந்து, விசைப்பலகையாக நடித்து, தானே கட்டளைகளைத் தட்டும் கருவிகள் இந்த டிரைவரைத் தொடுவதே இல்லை. அவற்றுக்கு யூஎஸ்பிகார்ட் போல, ஒவ்வொரு சாதனத்துக்கும் அனுமதி கேட்கும் ஏற்பாடு தேவை.

லினக்ஸே யூஎஸ்பி வட்டில்தான் இருக்கிறது. பூட் ஆகும்போது ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

இங்கே கோழியா முட்டையா கதை. டிரைவர் இருப்பது வட்டில். வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும். அதனால் கண்ட்ரோலர் டிரைவர் முதல் கோப்பு முறைமை வரை எல்லாம் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் இருக்க வேண்டும், அல்லது கெர்னலுக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே கணினியில் நிறுவி அதிலேயே ஓட்டினால் பெரும்பாலும் தகராறு வராது. வட்டை எடுத்துப்போய் வேறு கணினியில் செருகும்போதுதான் வரும். படிமம் கட்டும் கருவிகள் இடத்தை மிச்சப்படுத்த, அந்த நேரத்தில் அந்தக் கணினியில் கண்ட டிரைவர்களை மட்டும் அடைத்துவிடுகின்றன. ஆர்ச்சில் ஆட்டோடிடெக்ட் என்ற ஹூக் (படிமம் கட்டும்போது ஓடும் துண்டு நிரல்) இதைச் செய்கிறது. பிளாக் ஹூக்கை அதற்கு முன்னால் நகர்த்தினால் சேமிப்பு டிரைவர்கள் வெட்டப்படாமல் தப்பும். டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அமைப்பில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் (இங்கே மாட்யூல்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்று இருக்க வேண்டும், டெப் என்று இருந்தால் இதே கதிதான். டிராகட்டில் ஹோஸ்ட்ஒன்லியை அணைத்துவிட்டுக் கட்டுங்கள்.

டிரைவர்கள் எல்லாம் இருந்தும் நிற்கிறதென்றால் அவசரம்தான் காரணம். யூஎஸ்பி வட்டு மெதுவாகத்தான் எழும். கெர்னல் அதற்குள் ரூட்டைத் தேடிவிட்டுக் கைவிரித்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத அமைப்பில் பூட் வரியில் "ரூட்வெய்ட்" சேர்த்தால் வட்டு வரும்வரை கெர்னல் காத்திருக்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி எழுதாமல், மாறாத அடையாளமான யூயூஐடி எண்ணைக் கொடுங்கள்; இனிட்ராம்எஃப்எஸ் இல்லையென்றால் பார்ட்யூயூஐடி எண்ணை. இன்னொரு பென் டிரைவ் செருகியிருந்தால் பெயர்கள் இடம் மாறிவிடும்.

எஸ்டிபி வந்துவிட்டது. மவுண்ட் மட்டும் ஆகவில்லை.

"எல்எஸ்பிஎல்கே -எஃப்" கொடுத்து உள்ளே என்ன கோப்பு முறைமை என்று பாருங்கள். "அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப்" என்றால் அதற்கான டிரைவர் இல்லை. எக்ஸ்ஃபேட் ஆதரவு 2019-ல் 5.4 கெர்னலில் சோதனைப் பகுதியில் நுழைந்தது, 2020-ல் 5.7 வந்தபோது புதிய டிரைவர் முறையாகச் சேர்ந்தது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் ஃபியூஸ் வழியில் (கெர்னலுக்கு வெளியே) ஓடும் எக்ஸ்ஃபேட் பேக்கேஜை நிறுவ வேண்டும். என்டிஎஃப்எஸ்3 வந்தது 2021-ல், 5.15 கெர்னலில்.

விஃபேட் இருந்தும் மவுண்ட் தோற்றால் டிஎம்இஎஸ்ஜி-யில் கோட்பேஜ் 437 கிடைக்கவில்லை என்றோ, ஐஓ கேரக்டர்செட் கிடைக்கவில்லை என்றோ ஒரு வரி இருக்கும். என்எல்எஸ்_சிபி437, என்எல்எஸ்_ஐஎஸ்ஓ8859-1 ஆகிய, எழுத்துக் குறியாக்கத்துக்கான சின்ன மாட்யூல்கள் விடுபட்டுள்ளன. கெர்னலைச் சுருக்கிக் கம்பைல் செய்பவர்கள் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

எஸ்டிபி இருந்து எஸ்டிபி1 இல்லையா? பார்ட்டிஷன் அட்டவணை இல்லாமல் வட்டு முழுவதையும் நேராக ஃபார்மட் செய்திருக்கலாம். எஸ்டிபி-யையே மவுண்ட் செய்து பாருங்கள். அளவு 0 என்று காட்டினால், கார்டு ரீடரில் கார்டு இல்லை, அல்லது பென் டிரைவின் ஃபிளாஷ் சிப் செத்துவிட்டது. இரண்டாவதுக்கு டிரைவர் மருந்து கிடையாது.

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71" என்று வருகிறது.

-71 என்றால் பேச்சு குளறியது, -110 என்றால் பதிலே வரவில்லை. சாதனம் தான் யார் என்று சொல்வதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஸ்டோரேஜ் டிரைவர் இன்னும் ஆட்டத்துக்கே வரவில்லை. கேபிளை மாற்றுங்கள், ஹப்பைத் தவிருங்கள், மேசைக் கணினி என்றால் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள்.

ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் ஏறவில்லை.

ஏறாது. இன்றைய போன்கள் மாஸ் ஸ்டோரேஜாக நடந்துகொள்வதில்லை, எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் பேசுகின்றன. போன் திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, லிப்எம்டிபி சார்ந்த ஒரு கருவியை நிறுவுங்கள்.

இணைய டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் வருகிறது, மோடம் வரவில்லை.

விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளைத் தருவதற்காக அது முதலில் சிடியாக வேடம் போடுகிறது. யூஎஸ்பி-ஸ்டோரேஜ் அதை நம்பிப் பிடித்துக்கொள்கிறது. யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜ் வேடத்தைக் கலைக்கும்.

நானே கம்பைல் செய்த மாட்யூல் "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்கிறது.

ஓடும் கெர்னலின் பதிப்பும் மாட்யூல் கட்டப்பட்ட பதிப்பும் வேறு. "மாட்இன்ஃபோ" தரும் வெர்மேஜிக் வரியை "யூநேம் -ஆர்" விடையோடு ஒப்பிடுங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் செக்யூர் பூட் கையொப்பம் கேட்கிறது. டிஸ்ட்ரோவின் சொந்த மாட்யூல்கள் கையொப்பத்தோடே வரும். யூஎஸ்பி-ஸ்டோரேஜை மட்டும் தனியாகக் கட்ட வேண்டிய தேவை உண்மையில் யாருக்கு வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை. ஏதோ ஒரு பழைய வழிகாட்டி இன்னும் சுற்றுகிறது போலும்.

கண்டெய்னருக்குள் மாட்புரோப் வேலை செய்யவில்லை.

கண்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது. ஹோஸ்ட்டில் ஏற்றிவிட்டு, சாதனக் கோப்பை உள்ளே அனுப்புங்கள். விர்ச்சுவல் மெஷின் வேறு; அதற்குள் தனிக் கெர்னல் உண்டு, ஆனால் சாதனத்தை ஹோஸ்ட் விட்டுக்கொடுக்கும்வரை உள்ளே இருக்கும் டிரைவருக்கு வேலை இல்லை.

ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் பென் டிரைவ் செருக வேண்டும்.

அதன் அடிப்படைப் படிமம் மிகச் சிறியது, பெரும்பாலும் ஸ்டோரேஜ் ஆதரவு அதில் இருக்காது. கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், யூஏஎஸ் வேண்டுமானால் கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ்-யூஏஎஸ், தானாக மவுண்ட் ஆக பிளாக்-மவுண்ட், கோப்பு முறைமைக்குக் கேமாட்-எஃப்எஸ்-விஃபேட் போன்ற ஒன்று. நான்காவதை மறந்துவிட்டு மூன்றோடு நிற்பவர்களே அதிகம்.

ஃப்ரீபிஎஸ்டியில் எப்படி?

டிரைவரின் பெயர் யூமாஸ். அது எஸ்சிபஸ், டிஏ ஆகியவற்றின் மேல் நிற்கிறது. லினக்ஸில் ஸ்கஸி அடுக்கு செய்வதை இங்கே கேம் என்ற அடுக்கு செய்கிறது. ஜெனரிக் கெர்னலில் எல்லாம் உள்ளேயே இருப்பதால் "கேஎல்டிலோட் யூமாஸ்" கொடுத்தால் ஏற்கெனவே கெர்னலில் உள்ளது என்று பதில் வரும். அது பிழை அல்ல, நல்ல செய்தி. கெர்னலைச் சுருக்கியவர்கள் மட்டும் /பூட்/லோடர்.கான்ஃப் கோப்பில் யூமாஸ்_லோட் என்பதற்கு எதிரே மேற்கோளுக்குள் பெரிய எழுத்தில் யெஸ் என்று எழுத வேண்டும். 12-ஆம் பதிப்பிலிருந்து டெவ்மேட்ச் என்ற கருவி பொருத்தமான மாட்யூலைத் தானே தேடி ஏற்றுகிறது.

செருகியதும் டிஎம்இஎஸ்ஜி-யில் யூஜென் வரி மட்டும் வந்து யூமாஸ் வரி வரவில்லை என்றால் டிரைவர் ஒட்டவில்லை. இரண்டும் வந்தால் "கேம்கண்ட்ரோல் டெவ்லிஸ்ட்" டிஏ0 என்ற பெயரைக் காட்டும். ஃபேட் பென் டிரைவ் பெரும்பாலும் டிஏ0எஸ்1. மவுண்ட் செய்ய "மவுண்ட்_எம்எஸ்டாஸ்எஃப்எஸ்". யூஎஸ்பி வட்டிலிருந்து பூட் செய்து, ரூட் கிடைக்காமல் நின்றால் லோடர்.கான்ஃப் கோப்பில் கேர்ன்.கேம்.பூட்_டிலே மதிப்பை 10000 ஆக்கிப் பாருங்கள். கணக்கு மில்லிவினாடியில், அதாவது 10 வினாடி.

ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி?

இரண்டிலும் யூமாஸ்தான், இரண்டிலும் ஜெனரிக் கெர்னலில் உள்ளது. ஓபன்பிஎஸ்டி ஏற்றக்கூடிய மாட்யூல்கள் என்ற வசதியையே 2015-ல் வந்த 5.7 பதிப்பில் எடுத்துவிட்டது. அங்கே டிரைவரை ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. வட்டின் பெயரை அறிய "சிஸ்சிடிஎல் ஹெச்டபிள்யூ.டிஸ்க்நேம்ஸ்", உள்ளே உள்ள பார்ட்டிஷன்களை அறிய "டிஸ்க்லேபிள்". ஓபன்பிஎஸ்டியில் ஃபேட் பார்ட்டிஷன் வழக்கமாக ஐ என்ற எழுத்தில் வரும், எஸ்டி1ஐ என்பது போல.

இலுமோஸ், சோலாரிஸில் இதே வேலையைச் செய்வது ஸ்கஸா2யூஎஸ்பி என்ற டிரைவர். "ஆர்எம்ஃபார்மட்" கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வட்டுகள் பட்டியலாக வரும்.

ஆர்எம்மாட் கொடுத்தால் மாட்யூல் பயன்பாட்டில் உள்ளது என்கிறது.

வட்டு இன்னும் மவுண்ட் ஆகியிருக்கலாம், அல்லது யூஏஎஸ் போன்ற இன்னொரு மாட்யூல் இதைப் பிடித்திருக்கலாம். எல்எஸ்மாட் கடைசிப் பத்தியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற பெயர் இருக்கும். சில கார்டு ரீடர்களுக்கு யூஎம்எஸ் என்று தொடங்கும் துணை மாட்யூல்கள் உண்டு, அவையும் அங்கே வரும். மேலிருந்து கீழாக இறக்குங்கள்: அன்மவுண்ட், பிறகு துணை மாட்யூல், பிறகு யூஎஸ்பி_ஸ்டோரேஜ்.

வட்டைப் பத்திரமாகக் கழற்றுவதற்காகத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் மாட்யூலை இறக்கத் தேவையில்லை. "யூமவுண்ட்" முடிந்து கட்டளை வரி திரும்பிவிட்டால் எழுத வேண்டியதெல்லாம் வட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் "யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி" என்பதோடு சாதனத்தின் பெயரையும் கொடுங்கள்; தகடு நின்ற பிறகு கேபிளை உருவலாம்.